கத்தி மேலே, பின் கீழே: ஒரு பழைய ரூட்டரும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும்

வெள்ளிமலையிலிருந்து புறப்படும் பஸ் கச்சிராயபாளையம் வந்ததும் சமவெளியைத் தொட்டுவிடும். அங்கிருந்து கள்ளக்குறிச்சி கொஞ்ச தூரம்தான். மலைமேல் சாமை, மரவள்ளி, கடுக்காய். கீழே கரும்பு, நெல். இந்த இரண்டுக்கும் நடுவில் மரத்தைச் செதுக்கியே சோறு தின்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. பத்திரிகைகளில் கள்ளக்குறிச்சி பெயர் அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக.

2021-ல்தான் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்புகார் என்று நாம் சொல்கிற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 2013-லேயே விண்ணப்பம் போட்டுவிட்டது. எட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு அதற்கு முந்தைய வருடம், 2020-ல் கிடைத்திருந்தது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியையும் சேர்த்துக்கொண்டால் கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் சுற்றுவட்டாரத்தில் உளிச்சத்தம் கேட்கிற ஊர்கள் ஒரு சரமாகவே வந்துவிடும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் என்ற மூன்று தாலுக்காக்களில் இந்த வேலை நடக்கிறது.

மதுரையில் அரசர்களின் ஆதரவு குறைந்ததும் அங்கிருந்த சிற்பிகள் பிழைப்பைத் தேடிப் பல ஊர்களுக்கும் போனார்கள், அதில் ஒரு பிரிவு இங்கே வந்து தங்கியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. தேர்ச் சிற்பம், கோயில் கதவு, வாகனம் என்று செய்துகொண்டிருந்த கைகள் பிற்பாடு ஒரு அடிப் பிள்ளையாருக்கும் தசாவதாரப் பலகைக்கும் ஊஞ்சல் பலகைக்கும் இறங்கி வந்தன. புரவலர் மாறினால் சரக்கின் அளவும் மாறும் என்பது வணிகவியல் படிக்கிறவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

மரத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான சமாச்சாரம். தேக்கு, வேம்பு, அத்தி, மாவிலங்கம் எல்லாம் நம்ம ஊர் மரங்கள். ஆனால் இந்த வட்டாரத்துச் சிற்பிகள் அதிகம் கையாளும் தூங்குமூஞ்சி வாகை அமெரிக்க வெப்பமண்டலத்து மரம்! 19-ஆம் நூற்றாண்டில்தான் சாலையோர நிழலுக்காக இங்கே கொண்டுவந்து நட்டார்கள். பெரிய கட்டையாகக் கிடைக்கும், உளிக்கு இணங்கும், விலையும் கட்டுப்படியாகும். எனவே 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகத்தான் பயன்படுத்த வேண்டும். கடல் தாண்டி வந்த மரத்தை நம் சிற்பி எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். கடல் தாண்டி வந்த மெஷினை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான் சண்டை.

எந்த மெஷின்? பொதுவாக எல்லோரும் சி.என்.சி.யைத்தான் திட்டுவார்கள். அதற்கு முன்னால் ஒரு மெஷின் இருந்தது. ஓவர்ஆர்ம் பின் ரூட்டர் என்று பெயர். அதை யாரும் திட்டுவதுமில்லை, நினைப்பதுமில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்க்கலாம். ஒரு பலகையில் மயில் செதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் வரைந்தாயிற்று. மயில் மேலே எழும்பி நிற்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள மரமெல்லாம் பள்ளமாக வேண்டும். கொட்டாப்புளியும் உளியும் வைத்துக் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டியதுதான். மயிலின் கழுத்தை உருட்டுவது கலை. சுற்றியுள்ள தரையைச் சமமாக இறக்குவது கூலி வேலை. நேரத்தில் பெரும்பங்கைத் தின்பது இந்த இரண்டாவதுதான், காசு கிடைப்பதோ முதலாவதற்கு.

இந்தத் தரை இறக்கும் வேலைக்கு உலகம் முழுக்கத் தச்சர்கள் ஏதாவது ஒரு உபாயம் தேடியிருக்கிறார்கள். ஒரு மரக்கட்டையின் நடுவே ஒரே ஒரு உளி அலகை நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆப்பு அடித்து, அதைப் பள்ளத்தில் இழுத்து அடிப்பகுதியைச் சமன் செய்வார்கள். ரூட்டர் இழைப்புளி என்று பெயர். ஆங்கிலேயத் தச்சர்கள் வைத்த பட்டப்பெயர் 'கிழவியின் பல்'. படத்தைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும் :-)

கிழவியின் பல்லுக்கு மோட்டார் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஆன்ஸ்ரூட் 1915 வாக்கில் காற்றழுத்தத்தால் அதிவேகமாகச் சுழலும் ரூட்டரை உருவாக்கினார். அவர் தொடங்கிய ஆலை பிறகு மேசையோடு கூடிய பெரிய ரூட்டர்களுக்குப் பெயர் பெற்றது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து வாட்கின் கம்பெனி, 1897-ல் தொடங்கியது, மரவேலை இயந்திரங்களில் கொடிகட்டிப் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்த வகை ரூட்டர்களுக்கு நல்ல வேலை. விமானத்துக்கான அலுமினியத் தகடுகளை அடுக்கி வைத்து ஒரே வடிவத்தில் வெட்டித் தள்ள வேண்டியிருந்தது. மரத்தாலேயே செய்யப்பட்ட மஸ்கிட்டோ போர் விமானத்தின் பாகங்களை மேசை நாற்காலி செய்கிற பட்டறைகளே செய்து கொடுத்தன. போர் முடிந்ததும் அதே மெஷின் பாட்டுக்கு வந்துவிட்டது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் ஆலை எலக்ட்ரிக் கிடார்களின் உடலைக் குடைந்தது பின் ரூட்டரில்தான். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் உள்பட. இன்றைக்கு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும் அந்தக் காலத்து கிடார்களின் பள்ளமெல்லாம் ஒரு தொழிலாளி அச்சைப் பிடித்து நகர்த்தியதால் வந்தவை.

இனி, இது வேலை செய்யும் விதம். அதுதான் இதில் அழகு.

யானைத் தும்பிக்கை போல மேலிருந்து வளைந்து முன்னால் நீளும் ஒரு வார்ப்பிரும்புக் கை. அதன் நுனியில் மோட்டார். மோட்டாரிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் கத்தி. கீழே ஒரு மேசை. மேசையின் நடுவே, கத்திக்கு நேர் கீழே, ஒரு சின்ன உருக்கு முளை எழும்பி நிற்கும். அதுதான் பின். கத்தியும் பின்னும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும், இது முக்கியம். இப்போது பிளைவுட்டில் மயிலின் வடிவத்தை ஒரே ஒருமுறை ஒழுங்காக வெட்டி அச்சு செய்துகொள்கிறோம். அந்த அச்சைப் பலகையின் அடிப்பக்கம் பொருத்துகிறோம். பலகையை மேசைமேல் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் கத்தி பலகைக்குள் இறங்கும் (சில மெஷின்களில் மேசை மேலே ஏறும்). கையால் பலகையை நகர்த்தினால் அச்சின் விளிம்பு பின்னை உரசிக்கொண்டே போகும். கீழே பின் எந்த வழியில் போகிறதோ மேலே கத்தியும் அதே வழி. வேலை செய்கிறவருக்குக் கத்தி எங்கே போகிறது என்று பார்க்கக்கூடத் தேவையில்லை, பின்னை உரசிக்கொண்டிருந்தால் போதும்.

பின்னின் விட்டமும் கத்தியின் விட்டமும் ஒன்றாக இருந்தால் அச்சின் விளிம்பு அப்படியே மேலே பிரதியாகும். கத்தியைவிடப் பருத்த பின்னைப் போட்டால், வடிவத்தைச் சுற்றிக் கொஞ்சம் மரம் மிச்சம் நிற்கும். சிற்பிக்கு வேண்டியது இந்த மிச்சம்தான். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் உளி விளையாட இடம் இருக்கிறது.

இந்த மெஷினுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: வளைவான மேற்பரப்பு. ஒரு ஆழத்தில் தட்டையாக இறங்கும், இன்னொரு ஆழத்தில் தட்டையாக இறங்கும். படிக்கட்டு மாதிரி. கன்னத்தின் மேட்டையோ துணிமடிப்பையோ அதனால் செய்ய முடியாது. கூலி வேலையை எடுத்துக்கொள்கிறது, கலையை விட்டுவைக்கிறது. விட்டுவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அல்ல, அதற்கு அவ்வளவுதான் முடியும்.

அதற்கு அடுத்து வந்ததற்கு எல்லாம் முடிந்தது. 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தைக் கடையும் மெஷினைச் செய்து காட்டினார்கள். 1960களின் முடிவில் ஜப்பானியர்கள் அதே யோசனையை மர ரூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். கணினி மலிவானதும் பின்னுக்கு வேலை போயிற்று. அச்சு என்ற பொருளே கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைல் ஆகிவிட்டது. இப்போது தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கதவுக் கடைக்குப் போனாலும் கஜலட்சுமி நிலைக்கதவு தயார். கன்னம், துணிமடிப்பு, நகை எல்லாம் மெஷினே செய்துவிடுகிறது. ஒரே லட்சுமி, ஒரே புன்னகை, நூறு வீட்டு வாசலில்.

ஓவர்ஆர்ம் ரூட்டர்கள் என்ன ஆயின? ஆலைகள் அவற்றைக் கழித்துக் கட்டின. வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே போகும் மதிப்பின்மேல். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய மெஷின் பத்து வருடத்தில் ஏட்டில் ஏறக்குறைய 19,700 ரூபாய், நாற்பது வருடத்தில் சுமார் 150 ரூபாய்! (பிளாக் ஆஃப் அசெட்ஸ் விவகாரத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) 150 ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல உளி ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் அந்த வார்ப்பிரும்பு தேய்ந்தா போயிற்று? கனமான வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கும். பழைய ரூட்டரின் உடம்பு அசைந்து கொடுக்காமல் நிற்கிற மாதிரி, இன்று மலிவு விலையில் வரும் தகரச் சட்டத்து மெஷின் நிற்காது. ஏட்டு மதிப்பும் உபயோக மதிப்பும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போடலாம்.

அப்படியொரு மெஷின் காயலான் கடை எடைக்குக் கிடைத்தால் அதை எழுப்புவது எப்படி? சீர்செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது கையை. வளைந்த அந்த வார்ப்பில் விரிசல் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுவது நல்லது. துரு பெரிய விஷயமில்லை, மண்ணெண்ணெயும் எமரித் தாளும் பொறுமையும் போதும். பழைய இங்கிலாந்து மெஷின் என்றால் போல்ட், நட்டெல்லாம் விட்வொர்த் மரை. மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்து நட்டின் முனையை மழித்துவிடும்.

அடுத்தது பேரிங். நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிற தண்டுக்குச் சாதாரண பேரிங் தாங்காது. பக்கவாட்டு விசையையும் மேல்கீழ் விசையையும் ஒருசேரத் தாங்குகிற, ஜோடி சேர்த்து விற்கிற துல்லிய ரகம் வேண்டும். கிரீஸை அள்ளி அப்பினால் நல்லது என்று நினைப்பது தவறு, அதிகக் கிரீஸ் சூடாகி பேரிங்கையே கொன்றுவிடும்.

அதற்கப்புறம் மின்சாரம். இங்கேதான் பழைய மெஷினுக்கு உண்மையான மறுபிறவி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஒரு சாதாரண ஏசி மோட்டார் எவ்வளவு முக்கினாலும் நிமிஷத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. 18,000 வேண்டுமென்றால் 300 ஹெர்ட்ஸ் வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு இரண்டே வழி. ஒன்று, பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டுவது. இன்னொன்று, ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுற்ற, அது அதிக ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உண்டாக்கி ரூட்டருக்குக் கொடுப்பது. இந்தக் கன்வெர்ட்டர் ரூட்டருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும். அது கெட்டுப்போனதாலேயே நல்ல ரூட்டர்கள் பல ஓரம் கட்டப்பட்டன. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் அளவு வி.எஃப்.டி. போதும். சிங்கிள் ஃபேஸ் கொடுத்தால் உள்ளே மாற்றி த்ரீ ஃபேஸாக, வேண்டிய ஹெர்ட்ஸில் கொடுத்துவிடும். த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லாத வீட்டுத் திண்ணைப் பட்டறைக்கு இது பெரிய வரம். ஆனால் மோட்டாரின் பெயர்த்தகட்டில் எத்தனை ஹெர்ட்ஸுக்கு எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ அதே விகிதத்தை வி.எஃப்.டி.யில் அமைக்க வேண்டும். அமைக்காமல் ஓட்டினால் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த சுருள் சில நிமிஷத்தில் கருகிவிடும்.

பின் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை, ரொம்ப நுணுக்கமானதும் அதுதான். கத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டயல் கேஜைப் பொருத்தி, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, கேஜின் முனை பின்னைச் சுற்றி வரும்போது முள் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். அசைந்தால் மேலும் கீழும் ஒரே கோட்டில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணல் பலகையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு மயிலாக வந்து நிற்கும்.

பாதுகாப்பில் பழைய மெஷின்கள் மகா மோசம். 25 மில்லிமீட்டர் கத்தி 18,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். அந்தக் கத்தியைச் சுற்றிப் பல மெஷின்களில் மூடி என்று ஒன்றும் கிடையாது. பலகையைக் கத்தி சுழலும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும், திசை மாறினால் பலகையைக் கத்தி பிடுங்கிக்கொண்டு ஓடும், பின்னாலேயே விரலும் போகும். பழைய ஸ்விட்சில் இன்னொரு ஆபத்து, அதுவும் நம் ஊருக்கே உரியது. கரண்ட் போய்விட்டால் வேலை செய்கிறவர் டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால்? மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடுகிற ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். சில நூறு ரூபாயைப் பார்த்து இதை விட்டுவிடக்கூடாது. தூசியும் அப்படித்தான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. உளி எடுப்பது சிம்பு, அது தரையில் விழும். ரூட்டர் எடுப்பது மாவு, அது நெஞ்சுக்குள் போகும். உறிஞ்சு குழாய் இல்லாமல் இந்த மெஷினைச் சிற்பியின் வீட்டுக்குள் கொண்டுபோவது துரோகம்.

சரி, கொண்டுபோகத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி நம் மண்ணில் பழையது. சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி அரசுப் பள்ளியானது. 1880களில் அதன் தலைவராக வந்த ஈ.பி. ஹேவல் கைவினைஞரின் கையே செல்வம் என்றார். அவரோடு ஒரே காலத்தில் சென்னையில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஒரு இன்ஜினியர். நல்ல கருவியைக் கொடுத்தால்தான் கைவினைஞர் பிழைப்பார் என்றார் அவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்ததும் அவர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு நெசவாலை வைத்து, நெசவாளர்களை வீட்டிலிருந்து ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவரப் பார்த்தார். நெசவாளர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆலையும் நிலைக்கவில்லை. ஆனால் விசைநாடாத் தறி மட்டும் தமிழ்நாடு முழுக்க நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கவனியுங்கள்: அவர்கள் மறுத்தது கருவியை அல்ல, ஆலைச் சங்கை. கருவி தன் வீட்டில், தன் கட்டுப்பாட்டில் இருக்குமென்றால் வாங்கிக்கொண்டார்கள்.

கோயில் தேரும் அப்படித்தான். தேரின் சிற்பம் மரம், அச்சும் சக்கரமும் இப்போது பல ஊர்களில் இரும்பு. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது, ஹைட்ராலிக் பிரேக்கோடு. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தில் நசுங்கிச் சாவது குறைந்தது. ஆகமம் கெட்டுவிட்டது என்று தேர் ஓடாமல் நின்றுவிடவில்லை.

பின் ரூட்டருக்கும் சி.என்.சி.க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சி.என்.சி.யின் மூளை ஒரு ஃபைல். அது யாரோ எங்கோ செய்தது, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். கடன் வாங்கி மெஷின் போட்டவர் முதலாளி, சிற்பி அங்கே பாலிஷ் போடுகிறவர். பின் ரூட்டரின் மூளை பிளைவுட் அச்சு. அதை வரைந்து வெட்ட உருவ அளவு தெரிந்த ஆள் வேண்டும், மெஷின் விட்டுவைத்த படிக்கட்டுகளை உடம்பாக உருட்டவும் அதே ஆள் வேண்டும். தரை இறக்குவதில் போன நாட்கள் மிச்சமானால் அதே கை ஒரு மயிலுக்குப் பதில் இரண்டு செய்யும், அல்லது ஒரே மயிலை இன்னும் நன்றாகச் செய்யும். எதைச் செய்யும் என்பது வாங்குகிறவர் கொடுக்கிற விலையைப் பொறுத்தது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே செய்ததைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்றால் கேள்வி கேட்கலாம். ஆனால் கடையில் நிற்கிற வாடிக்கையாளருக்கு இரண்டு பிள்ளையாரில் எது உளி, எது மெஷின் என்று தெரியாவிட்டால் அவர் விலை குறைந்ததைத்தான் எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சரக்கில் எழுதி ஒட்டாதது விற்கிறவர் தவறு. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிலையைத் திருப்பி மடிப்புகளுக்குள், காதுக்குப் பின்னால், விரலிடுக்கில் பாருங்கள். உருண்டைமுனைக் கத்தி பக்கம் பக்கமாக ஓடிய சின்னச் சின்ன வரிகள் ஒரே இடைவெளியில் இருந்தால் அது சி.என்.சி. உளியின் தடம் அப்படி வரிசையில் நிற்காது. பின் ரூட்டர் வந்துபோன தடமோ எதுவும் இருக்காது, தரையைத் தவிர. அதையும் கடைசியில் சிற்பி ஒரு உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிவிட்டிருப்பார்.